சாணி வண்டின் முன்னங்கால்

வேலாயுத ஸ்தபதி உளியைக் கீழே வைத்துவிட்டு வடிவம்மையின் மடத்துக்கு வந்து இரண்டு வருடமாகிறது. குரு அவரைவிடப் பத்து வயது இளையவர். அதில் அவருக்குக் கூச்சமில்லை. வீடு வாசலை விட்டு வந்தும் தீட்சை கிடைக்கவில்லையே என்பதுதான் மனத்தாங்கல்.

ஒரு நாள் காலையில் கேட்டேவிட்டார்.

“அம்மா, எனக்கு எப்போ தீட்சை?”

வடிவம்மை மாட்டுக்கொட்டில் பக்கம் கையைக் காட்டினார். அங்கே ஒரு சாணி வண்டு பின்பக்கமாக உருண்டையைத் தள்ளிக்கொண்டு போனது.

“அதை உள்ளது உள்ளபடி வரைஞ்சு கொண்டாங்க. அன்னிக்கே தர்றேன்.”

ஸ்தபதிக்குச் சப்பென்று போய்விட்டது. சாமி சாமியாகச் செதுக்கிய கைக்குப் போயும் போயும் ஒரு பூச்சியா? ஆனாலும் தொழில்காரர் தொழில்காரர்தான். மூன்று நாள் கொட்டிலிலேயே குந்திக் கிடந்தார். கரிக்கறுப்பு உடல். மண்வெட்டி போல் அகன்ற தலை, அதன் விளிம்பில் ஆறு பற்கள். ரம்பம் மாதிரி முன்னங்கால்கள். பின்னங்கால்கள் நீண்டு வளைந்து, ஓரமெல்லாம் மயிர். ஒன்றையும் விடவில்லை மனிதர்.

நான்காம் நாள் தாளை நீட்டினார். அம்மை வெகுநேரம் பார்த்தார்.

“எத்தனை வண்டு பார்த்தீங்க?”

“பதினொண்ணு.”

“முன்னங்காலில் பாதம் இருந்துச்சா?”

“இல்லைங்கம்மா. ஒண்ணுக்கும் இல்லை. பாவம், தோண்டித் தோண்டித் தேஞ்சிருக்கும்.”

“நேத்து மண்ணுக்குள்ளேயிருந்து புதுசா பொறந்து ஒண்ணு வந்துச்சே, அதுக்கு?”

“அதுக்கும் இல்லை.”

“படத்தில் இருக்கே?”

“நான்தான் போட்டேன். அங்கம் குறைஞ்ச உருவம் பின்னம்னு ஒதுக்கிடுவோம்மா. பட்டறையை விட்டு வெளியே போகாது. கும்பிட ஆகாது. அதான், கை தானா போட்டுடுச்சு.”

அம்மை தாளை மடித்து அவரிடமே கொடுத்தார்.

ஸ்தபதிக்கு அவமானமாக இருந்தது. ஆசை அதையும் மீறிக் கேட்டது.

“அப்போ தீட்சை?”

“ரெண்டு வருஷமா தினமும் என் காலில் விழறீங்களே, ஸ்தபதியாரே. அது என் காலா, நீங்க போட்ட காலா?”