பொற்குடி ஜெயித்த யானை

மாசிலாமணி அம்பலம் ஆலங்கரைக்குத் தலைவர். அவர் மீசையில் எலுமிச்சம்பழம் நிற்கும் என்பார்கள். அறுவடை முடிந்ததிலிருந்து அந்த மீசை தொங்கிப்போய்க் கிடந்தது.

ராஜா வைத்த போட்டிதான் காரணம். போன வருஷத்தைவிட எந்த ஊர் நெற்குவியல் கூடுதலாக வளர்கிறதோ, அந்த ஊருக்கு ஒரு யானை பரிசு.

பக்கத்து ஊர் பொற்குடிக்காரர்கள் தோப்பை வெட்டினார்கள். கண்மாயை உடைத்துத் தண்ணீரை ஆற்றில் விட்டார்கள். இரண்டு இடத்திலும் ஏர் பூட்டி நெல் போட்டார்கள். அவர்கள் குவியலின் உச்சியில் ஒரு மேகம் சிக்கிக்கொண்டு, பொழுது சாயும்வரை திணறியது. இல்லை என்பவர்கள் அந்த மேகத்தைக் கேட்டுக்கொள்ளலாம்.

ஆலங்கரைக் குவியல் என்றும்போல இருந்தது. யானை பொற்குடிக்குப் போயிற்று.

அந்த ஊர்த் தலைவர் உடையப்பன் சந்தையில் நாலு பேர் முன்னால் கேட்டார்:

"என்ன மச்சான், உங்க ஊருக்கு ஒரு ஆட்டுக்குட்டிகூடக் கிடைக்கலியாமே?"

அம்பலம் நேரே தன் குருவிடம் போனார். சாமி அவரைவிட வயதில் இளையவர். இருந்தாலும் அம்பலம் தோளில் கிடந்த துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டுதான் எதிரே நிற்பார்.

"சாமி, நானும் வெட்டப் போறேன். ஆள் சொல்லியாச்சு. நாளைக்குத் தோப்பு, அப்புறம் கண்மாய்."

"கோடாலி கூரா இருக்கா?"

"இருக்கு சாமி."

"அப்புறம் இங்க என்ன வேலை உமக்கு?"

"மனசு ஒப்பலை. ஒரு ஊரு நல்லா இருக்கா இல்லையான்னு எதை வச்சு அளக்கிறது? குவியலைத்தானே?"

சாமி எழுந்தார். தோப்பு ஓரத்து ஆலமரத்தில் ஒரு பெரிய கொப்பை ஒடித்து நீட்டினார்.

"இதைக் கொண்டுபோய் அந்த யானைக்குக் குடுத்துட்டு வாரும். ஜெயிச்சவனுக்கு மரியாதை செய்யணுமில்ல?"

"தோத்தவன் தழை சுமக்கணுமா சாமி?"

"தலையில வச்சுக்கும். போற வழிக்கு நிழலாவது ஆகும்."

பொற்குடியில் யானையை மொட்டைக் களத்தின் நடுவில் கட்டியிருந்தார்கள். ஊரே வரிசையாக நின்று ஆற்றிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் கடத்தியது. யானை ஒரு குடத்தை ஒரே உறிஞ்சாக உறிஞ்சிவிட்டு, அடுத்தது எங்கே என்று பார்த்தது. அது விட்ட பெருமூச்சில் ஒரு வீட்டுக் கூரை எழும்பி உட்கார்ந்தது.

"இங்க நிழல்னா என் நிழல் ஒண்ணுதான் ஐயா," என்றான் பாகன். "அதுக்குள்ளதான் இது தலையை நுழைக்கப் பாக்குது."

யானை தழையைத் தின்றது. பிறகு அம்பலத்தின் தலையை வெகுநேரம் மோந்து பார்த்தது.

மறுநாள் விடிந்ததும் கோடாலியோடு வந்த ஆட்கள் தோப்பு வாசலிலேயே நின்றுவிட்டார்கள். கண்மாயில், கழுத்தளவு தண்ணீரில், பொற்குடி யானை. அறுந்த சங்கிலி கரையில் கிடந்தது. துரத்தி வந்த பாகன் ஆலமரத்தடியில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

உடையப்பன் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"மச்சான்! எங்க யானையைத் திருடிட்டீங்க!"

"நல்லாப் பாருங்க மச்சான். கட்டியா வச்சிருக்கோம்? கூட்டிட்டுப் போங்க."

உடையப்பன் தண்ணீரில் இறங்கிக் காதைப் பிடித்து இழுத்தார். யானை அசையவில்லை. தும்பிக்கை நிறைய உறிஞ்சி, அவர் தலைவழியே ஊற்றியது. குடிக்கவே குடம் கணக்குப் பார்க்கிற ஊர்க்காரர், குளித்து எத்தனை நாளோ! கோபத்தை மறந்து, இன்னொரு தரம் ஊற்று என்பதுபோல் அங்கேயே நின்றார்.

"ஐயா, வெட்டலாமா?" என்றான் கோடாலிக்காரன்.

அம்பலம் மீசையை முறுக்கினார்.

"கோடாலியைக் கீழ போட்டுட்டு யானைக்கு முதுகு தேய்ச்சு விடுங்கடா. அப்படியே மச்சானுக்கும்."

சாமி கரையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். அம்பலம் அவர் பக்கம் குனிந்தார்.

"சாமி, அடுத்த வருஷமும் ராஜாவோட ஆள் அளக்க வருவான். நம்ம குவியல் ஒரு சாண்கூட வளர்ந்திருக்காது. கேட்டா என்ன சொல்ல?"

"வளரலைன்னு சொல்லும்."

"யானை யாரோடதுன்னு கேட்டா?"

"பொற்குடியோடதுன்னு சொல்லும்."

"அப்போ இங்க ஏன் நிக்குதுன்னு கேட்டா?"

"அதை யானைகிட்டக் கேக்கச் சொல்லும்."