எக்கினாலும் எட்டாத வால்வு

அமில ஆலைகளுக்குக் குழாய்ப்பாதை வரைகிற ஆபீஸ் ஒன்றில் தர்மலிங்கம்தான் தலைமை எஞ்சினியர். கம்ப்யூட்டரில் அவர் வரைந்த ஆலைக்குள் இருநூறு குழாய்கள் ஒன்றையொன்று தொடாமல் ஓடின. பார்த்தவர்கள் எல்லாரும் பாராட்டினார்கள்.

குழாய்களுக்கு எண் போடுகிற செண்பகவல்லி மட்டும், "ஒரு குறை இருக்கு சார்," என்றாள்.

"எதுவும் எதுலயும் இடிக்கலன்னு சாஃப்ட்வேரே சொல்லுது! குறையைக் காட்டு. இல்லேன்னா நாளைக்கு வராதே."

அவள் அந்தப் படத்துக்குள் ஒரு மனித உருவத்தை நிறுத்தினாள். தர்மலிங்கத்தின் உயரமேதான்.

"அமிலம் கசியுதுன்னு வச்சுக்குங்க சார். வால்வை மூடுங்க," என்று அதன் கையை முழுக்க உயர்த்தினாள். வால்வு இன்னும் மூன்றடி மேலே இருந்தது.

தர்மலிங்கம் தன்னையறியாமல் குதிகாலைத் தூக்கி எக்கினார்.

"எக்கினாலும் எட்டாது சார்."

"நாளைக்குச் சீக்கிரமே வந்துடும்மா," என்றார் அவர். "எல்லா வால்வையும் கீழே இறக்கணும்."