கலயத்தில் ஒரு விரல் சுண்ணாம்பு

ஒரே ஒரு விரல் சுண்ணாம்பு, ஒரு வீட்டுக் காதுகுத்தையே நிறுத்தப் பார்த்த கதை தெரியுமா உங்களுக்கு?

ராஜாக்கள் யானையிலும் மற்றவர்கள் நடந்தும் போன காலம். செம்மணல் பரந்த தேரிக்காட்டில் கொம்பையா, சித்திரை என்று அண்ணன் தம்பி இருந்தார்கள். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு சின்னப் பனங்காடு.

சாயங்காலம் அண்ணன் பனை ஏறுவான். பாளையைக் கடிப்பு என்ற மரக்கிடுக்கியில் இடுக்கிப் பதமாக நசுக்குவான். நுனியை வெங்காயத் தோல் கனத்துக்குச் சீவுவான். பதநீர் புளிக்காமலிருக்க உள்ளே சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்டுவான். விடிந்ததும் அதில் ஊறிய பதநீர் தம்பிக்கு. காலையில் தம்பி கட்டுவான். பொழுதுசாய ஊறியது அண்ணனுக்கு. அவர்கள் அப்பன் போட்டுவிட்டுப் போன முறை அது.

ஒருநாள் அண்ணன் வீட்டுச் சேவல் தம்பி வீட்டு முற்றத்தில் காயவைத்த கம்பைக் கொத்தியது. பேச்சு முற்றியது, பிறகு பேச்சே நின்றது.

"அவன் குடிக்கப்போற பதநீருக்கு நான் எதுக்குச் சுண்ணாம்பு தடவணும்?" என்று கொம்பையா வெறுங்கலயம் கட்டினான். சித்திரை மட்டும் சும்மா இருப்பானா? அவனும் வெறுங்கலயம் கட்டினான். பதநீர் புளித்துக் கள்ளானது.

கொம்பையா மனைவி வடிவுக்கு இது தெரியாது. மகள் பவளத்துக்குக் காதுகுத்து நெருங்கிவிட்டது. கருப்பட்டிப் பணியாரம் என்று ஊருக்கே சொல்லியாயிற்று. முதல் நாள் பதநீரைக் காய்ச்சினாள், பாகு திரளவில்லை. மறுநாள் விறகை அள்ளிப் போட்டாள், திரளவில்லை. மூன்றாம் நாள் தோள்பட்டை கழலக் கிண்டினாள், அப்போதும் திரளவில்லை. மிச்சத்தைக் குடித்த வெள்ளாடு, மேற்கே கிளம்பிக் கிழக்கே போய் விழுந்தது.

வடிவு தன் வீட்டுக் கலயத்துக்குள் விரலை விட்டுத் துழாவினாள். சுண்ணாம்பு வெள்ளையே ஒட்டவில்லை. கொழுந்தன் வாசலில் கவிழ்த்திருந்த கலயத்தையும் துழாவினாள். அதிலும் இல்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டு இருவரையும் கூப்பிட்டாள்.

"நாளையிலேருந்து கலயம் கட்டுனவரே இறக்கிக்கிடுங்க. அவரவர் கட்டுனது அவரவருக்கு."

"அதுதான் மதினி நியாயம்!" என்றான் சித்திரை.

"இப்பதான் ஒனக்குப் புத்தி வந்திருக்கு" என்று மனைவியிடம் சொன்னான் கொம்பையா.

அப்புறம் பார்க்கணுமே! இரண்டு பேரும் பார்த்துப் பார்த்துச் சுண்ணாம்பு தடவினார்கள். பதநீர் தித்தித்தது. பாகு திரண்டது. பாகு ஊற்றி இறுகிய சிரட்டையைத் தட்டித் தட்டித்தான் கருப்பட்டியை எடுக்க வேண்டியிருந்தது.

காதுகுத்தன்று இருவரும் வாய்நிறையப் பணியாரத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். வடிவு மெல்லக் கேட்டாள்: "கொழுந்தனாரே, பதநீர் இப்ப மட்டும் எப்படி இனிக்கு?"

"எல்லாம் சுண்ணாம்புதான் மதினி!"

"அப்ப முன்னாடி?"

அண்ணன் தம்பியைப் பார்த்தான். தம்பி அண்ணனைப் பார்த்தான். அப்புறம் இரண்டு பேரும் ஆட்டைப் பார்த்தார்கள். முதலில் சிரித்தது யாரென்று தெரியவில்லை.

அடுத்தவர் வாய்க்குப் போவதையும் நம் வாய்க்குப் போவதுபோலவே செய்ய வேண்டும், அதுதான் இந்தக் கதை சொல்லும் நீதி.

கொம்பையா தன் இலையிலிருந்த பணியாரத்தைத் தம்பி இலையில் வைத்தான். "ஏலே, அப்பா போட்ட முறைக்கே திரும்பிருவோம். நாளைக்குக் காலையில எனக்கு நீயே கலயம் கட்டுலே" என்று கேட்டான்.