வேரோடு வந்த அக்கூப்

லுத்ஃபிக்கு மறுநாள் காலை நீதிமன்றம். காரில் ஒரு பை அக்கூப் வைத்திருந்ததுதான் குற்றம்.

அக்கூப் என்பது கலிலேயா மலைகளில் குளிர்கால மழை ஓயும்போது தலைகாட்டும் முள்செடி. முள்ளை நறுக்கிவிட்டுத் தயிரில் வேகவைத்துப் பரிமாறினால், சாப்பிட்டு முடிக்கும்வரை வீட்டில் பேச்சு மூச்சு இருக்காது. அதைப் பாதுகாக்கப்பட்ட தாவரம் என்று அரசு அறிவித்த பிறகு, பறிக்கப் போகிறவர்கள் கோழி திருடப் போகிறவர்களைப் போலப் போய்வர வேண்டியதாயிற்று. அதைத் தின்கிற கூட்டத்தில் கவலையில்லாதவை ஆடுகள்தான். அவற்றின்மேல் யாரும் வழக்குப் போடுவதில்லை.

லுத்ஃபி நாற்பத்து மூன்று வயதுக் கணக்கு வாத்தியார். தண்டனை கிடைத்தால் வேலை போய்விடும். பிற்பகலில் தன் குருவான ஷேக் புர்ஹானைத் தேடி வந்தான்.

"ஷேக், நாங்கள் செடியை அழிக்கிறோம் என்கிறார்கள். நீதிபதி கேட்டால் என்ன சொல்வது?"

"நீ என்ன சொல்வதாக இருக்கிறாய்?"

"எங்கள் ஊரில் ஒருவரும் ஒரு வேரைக்கூடத் தொட்டதில்லை என்று. சத்தியம் செய்தே சொல்வேன்."

ஷேக் இரண்டு சிறிய கத்திகளை எடுத்தார். ஒன்றை அவனிடம் கொடுத்தார்.

"வா. இன்றைய சாப்பாட்டுக்கு இரண்டு செடி வேண்டும்."

லுத்ஃபி கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். நாளைக்கு வழக்கை வைத்துக்கொண்டு இன்றைக்கே பறிக்கப் போவதா? ஆனால் குருவிடம் மாட்டேன் என்று சொல்லி அவனுக்குப் பழக்கமில்லை. போனான்.

மலைச்சரிவில் ஷேக் ஒரு செடியின் முன் சம்மணமிட்டு உட்கார்ந்தார். அடிமண்ணை விரலால் விலக்கினார். தண்டு வேரோடு சேரும் இடத்துக்குச் சற்று மேலே கத்தியை வைத்து ஒரே வெட்டு. செடி கைக்கு வந்தது, வேர் மண்ணில் நின்றது. குழியை மூடி உள்ளங்கையால் தட்டிக்கொடுத்தார்.

"அடுத்த வருஷம் பார்ப்போம்" என்று அதனிடம் சொன்னார். ஊர் வழக்கம் அது.

பிறகு லுத்ஃபியிடம், "பக்கத்தில் இருப்பது உன்னுடையது" என்றார்.

லுத்ஃபி மண்ணை விலக்கிக்கொண்டிருந்தபோது கீழே சாலையில் வண்டிச் சத்தம் கேட்டது. மேலே ஏறி வருகிற சத்தம்; பறிப்பவர்களைப் பிடிக்கும் ரோந்து வண்டியாகத்தான் இருக்கும். கத்தியை எடுக்க நேரமில்லை. செடியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தான். மழையில் ஊறிய மண் தடுக்கவில்லை. சட்டைக்குள் திணித்துக்கொண்டு ஒரு பாறைக்குப் பின்னால் குப்புறப் படுத்தான். முள் நெஞ்சில் குத்தியது.

வண்டி வந்தது. சமையல் கேஸ் சிலிண்டர் விற்கிறவனுடைய வண்டி. ஒலிபெருக்கியில் பாட்டைப் போட்டுக்கொண்டு வளைவில் திரும்பிப் போய்விட்டான்.

ஷேக் உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

லுத்ஃபி எழுந்து வந்து செடியை வெளியே எடுத்தான். அதன் அடியில் முழங்கை நீள வேர் ஈரமண்ணோடு தொங்கியது. அவனுக்கு அவமானமாக இருந்தது.

"எத்தனை வருஷத்துச் செடி?" என்று ஷேக் கேட்டார்.

"பத்து இருக்கும்."

"திரும்ப நட்டால் பிழைக்குமா?"

"பிழைக்காது."

"இப்படிப் பிடுங்குவது இதுதான் முதல் தடவையா?"

லுத்ஃபி தலையைக் குனிந்துகொண்டான்.

"இல்லை, ஷேக். ரோந்து வண்டி வரத் தொடங்கியதிலிருந்து, சத்தம் கேட்டால் கை இப்படித்தான் போகிறது. எனக்கு மட்டுமல்ல, ஊரில் பல பேருக்கும்."

"உன் தந்தை?"

"அவர் காலத்தில் ரோந்து ஏது? ஒரு செடிக்குக் கால் மணி நேரம் உட்காருவார்."

பிறகு லுத்ஃபி கேட்டான்.

"இதைச் சொன்னால் அவர்கள் சொல்வதே சரி என்றாகிவிடும். சொல்லாவிட்டால் என் சத்தியம் பொய்ச்சத்தியம். நாளைக்கு நான் எதைச் சொல்வது?"

ஷேக் வேரோடு அந்தச் செடியை வாங்கினார். தோளில் கிடந்த துண்டில் சுற்றினார். திரும்ப அவனிடமே கொடுத்தார்.

"இதைக் கொண்டுபோய் நீதிபதியின் மேசைமேல் வை. நான்தான் பிடுங்கினேன் என்று சொல். எந்தச் சத்தத்துக்குப் பயந்து பிடுங்கினாய் என்பதையும் விடாமல் சொல்."