நெளியாற்றுக்கு நேர்வழி

முன்னொரு காலத்தில், பேருக்குக்கூட ஒரு குன்று இல்லாத சமவெளி நாட்டை ஒரு ராஜா ஆண்டுவந்தார். அங்கே நெளியாறு என்றொரு சின்ன ஆறு. பெரிய ஏரி நிரம்பினால் மிகைநீர் வெளியேறும் கலங்கில் வழிந்து, மேட்டைக் கண்டால் ஒதுங்கி, ஒவ்வொரு வளைவிலும் ஓர் ஊருக்குத் தண்ணீர் காட்டிவிட்டு, சாவகாசமாகக் கடலுக்குப் போகும்.

உப்பரிகையில் நின்ற ராஜாவுக்கு ஒருநாள் அதைப் பார்த்து எரிச்சல் வந்தது. "நம் ஆட்சியில் ஓர் ஆறு கள் குடித்தவன்போலத் தள்ளாடுவதா? கலங்கிலிருந்து கடல்வரை நேராக வெட்டுங்கள்!"

மந்திரி உத்தண்டருக்கு விகடகவி வேம்பையன்மேல் தீராத பொறாமை. "பிரபு, வேம்பையனே கயிறு பிடித்து வெட்டட்டும். கயிறு ஒரு சாண் விலகினாலும் அவன் தலை போகட்டும்" என்றார்.

"உத்தரவு, மகாராஜா. வழியில் யாராவது மறித்தால்?" என்றான் வேம்பையன்.

"மறித்தவன் தலையும் போகட்டும்!"

"யாராக இருந்தாலுமா?"

"யாராக இருந்தாலும்!"

வளைவு போனால் எங்கள் பயிர் போச்சே என்று ஊர்க்காரர்கள் வந்து அழுதார்கள். ராஜா காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சில நாள் கழித்து, மத்தியானம் ராஜா சாப்பிட உட்கார்ந்தார். முதல் கவளம் வாய்க்குப் போகுமுன் எதிர்ச்சுவர் படாரென்று இடிந்து விழுந்தது. பதறி எழுந்தார். புழுதிக்குள் கடப்பாரையோடு ஆட்கள். முன்னால் கயிற்று நுனியோடு வேம்பையன். பின்னால் மந்திரியின் புது மாளிகை இருந்த இடத்தில் வெறும் வானம் தெரிந்தது. மந்திரியோ தலையெல்லாம் சுண்ணாம்புத் தூளோடு, தன் வாயைத் தானே பொத்திக்கொண்டு நின்றார்.

ராஜா கத்தினார். "அடேய், என்னடா செய்கிறாய்?"

"ஆறு வெட்டுகிறேன், மகாராஜா. அடுத்தது சிம்மாசனம், அப்புறம் அந்தப்புரம். கொஞ்சம் இலையை நகர்த்திக்கொள்ளுங்கள்."

"நிறுத்தடா!" என்று அலறினார் ராஜா.

கடப்பாரைகள் அந்தரத்தில் நின்றன. வேம்பையனோடு வாளேந்தி வந்த கொலைச் சேவகன் வாளையும் ராஜாவையும் மாறி மாறிப் பார்த்தான். மறித்தவன் தலை போகவேண்டுமே! ராஜாவின் கை தானாகக் கழுத்துக்குப் போயிற்று.

வேம்பையன் கும்பிட்டான். "வெள்ளத்துக்கு அஞ்சி உங்கள் பாட்டனார் இந்த மேட்டில் அரண்மனை கட்டினார், மகாராஜா. ஆறும் மேட்டைத் தொடாமல் சுற்றிப் போகிறது. அது வளைவதால்தான் ஊர் சாப்பிடுகிறது. தங்கள் இலையும் நனையவில்லை. ஆணையைத் திரும்பப் பெற்றால் எல்லார் தலையும் தப்பும்."

"பெற்றேன், பெற்றேன்! ஆறு இஷ்டப்படி வளையட்டும்!" ராஜாவுக்கு உயிர் வந்தது, கூடவே சிரிப்பும் வந்தது. சோற்றுக் கையோடு முத்துமாலையைக் கழற்றி வேம்பையன் கழுத்தில் போட்டார். "உத்தண்டரே, இனி நீரும் வாயைத் திறக்கலாம்" என்றார்.

மந்திரி கையை எடுக்கவே இல்லை.