கழித்தது போக மிச்சம்

மலையடிவாரத்து மடத்துக்கு வந்தபோது பூவராகனுக்கு ஐம்பத்தாறு வயது. பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்தவர். மனைவி போன பிறகு வேலையை விட்டுவிட்டு வந்தார். வந்ததும் மூன்று வேளைச் சாப்பாட்டை இரண்டாக்கினார், பிறகு ஒன்றாக்கினார். அந்த ஒன்றையும் எல்லோரும் எழுந்து போன பிறகு தனியாக உட்கார்ந்து சாப்பிடுவார். காலையில் அரிசி மூட்டை நிறுக்கும் மெஷினில் ஏறி நின்று பார்ப்பார்.

ஒரு நாள் மத்தியானம் அவர் இலைக்கு எதிரே குரு வந்து உட்கார்ந்தார். குரு ஒரு காலத்தில் ஆட்டு வியாபாரி. அதை அவர் மறைத்ததில்லை.

இலையில் சோறு அப்படியே இருந்தது.

"சாமி, நாளையிலேருந்து இதையும் விட்டுடலாம்னு இருக்கேன். உத்தரவு வேணும்."

"ஏன் வாத்தியாரே, ரசம் சரியில்லையா?"

"உடம்புல கழிக்க இனிமே ஒண்ணுமில்ல சாமி. மூணு வாரமா எடை இறங்கல."

"அப்படிச் சொல்ல அது போதுமா?"

"ஒரு கணக்கு இருக்கு. உயரமும் எடையும் தெரிஞ்சா கொழுப்பு போக மிச்சம் எவ்வளவுன்னு சொல்லிடும். என் எடை கிட்டத்தட்ட அந்த மிச்சத்துக்கே வந்து நின்னுடுச்சு. இப்ப இருக்கிறதுதான் நிஜமான நான்."

"உங்களைப் பார்க்காமலேயா சொல்லுது?"

"யார் யாரையோ அளந்து வச்சிருக்காங்க. அவங்களை வச்சு என்னைச் சொல்லுது."

"பரவாயில்லையே. உங்க கணக்குக்குள்ள அத்தனை பேர் உட்கார்ந்திருக்காங்க. நீங்க தனியா சாப்பிடுறீங்க."

பூவராகன் இலையைக் கொஞ்சம் தள்ளி வைத்தார்.

குரு குனிந்து அவர் கணுக்காலைப் பிடித்தார். பூவராகன் பதறிக் காலை இழுத்தார்.

"சாமி, என் காலைப் போய்..."

"சும்மா இருங்க."

கட்டைவிரலை அழுத்தி எடுத்தார். விரல் பதிந்த இடத்தில் குழி அப்படியே நின்றது. இருவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இந்த நீரையும் உங்க கணக்கு மிச்சத்துலதான் சேர்த்துச்சா?"

"ஆமா சாமி." குரல் இறங்கியது. "தண்ணியும் எடைதானே."

"சந்தைக்கு ஆட்டை ஓட்டிட்டு வர்றவன், வழியில வயிறு முட்டத் தண்ணி காட்டிடுவான். பார்த்தா கொழுகொழுன்னு நிக்கும். அதனால கண்ணை நம்ப மாட்டோம். முதுகெலும்புல கையை வச்சாத்தான் தெரியும்." குரு எழுந்தார். "சாயங்காலம் டாக்டர்கிட்ட போறோம்."

எழுந்தவர் வெளியே போகவில்லை. சுற்றி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். பூவராகனின் இடது கையைத் தோளுக்குக் கீழே பிடித்தார். விரல்கள் ஏறக்குறைய ஒன்றையொன்று தொட்டன.

"கறி எவ்வளவு தேறும் சாமி?" பூவராகன் சிரிக்கப் பார்த்தார்.

"கடைசியா உங்களை யாரு தொட்டாங்க வாத்தியாரே?"

அவர் யோசித்தார். மனைவியை எரித்துவிட்டுத் திரும்பும்போது யார் யாரோ கையைப் பிடித்தார்கள். ஒரு முகமும் நினைவில்லை. அதற்குப் பிறகு என்று தேடினார். மடத்தில் தலையைக்கூட அவரே மழித்துக்கொள்வார்.

கிண்ணத்தில் ரசம் ஆறித் தெளிந்திருந்தது. சமையல்கட்டில் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டு, அதுவும் நின்றது. குருவின் பிடி தளரவில்லை.

"சாமி, கையை..." என்றார் பூவராகன்.

"வலது கை சும்மாதானே இருக்கு," என்றார் குரு. "சாப்பிடுங்க."