பம்பையன் வாங்கிய கெடாத சாறு

மலையுச்சியை ஒட்டிய ஒரு காட்டில் பம்பையன் என்றொரு கரடி இருந்தது. ஆப்பிளைப் பிழிந்து, சாற்றைப் பானையில் ஊறப்போட்டு, நுரை பொங்கும் கள்ளாக்குவதில் அதை மிஞ்ச ஆள் கிடையாது. அந்தக் கள் பெரிய கரடிகளுக்கு மட்டும்தான், பிள்ளைகளே. நீங்கள் மோர் குடித்துக்கொண்டே கதையைக் கேளுங்கள்.

பம்பையனிடம் திறமை எவ்வளவு இருந்ததோ அதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே வீம்பும் இருந்தது.

அந்த வருஷம் அதன் மகள் நாவலுக்குக் கல்யாணம் நிச்சயமானது. கரடிகளின் கல்யாணத்தில் ஒரு வழக்கம் உண்டு. மாப்பிள்ளையின் அம்மா வந்ததும் நேராகக் கள்ளுப் பானையிடம் போய்க் காதை வைத்துக் கேட்கும். உள்ளே 'கொப் கொப்' என்று சத்தம் வந்தால் மாலை மாற்றலாம். பானை சத்தமில்லாமல் கிடந்தால், பெண் வீட்டார் மனசில்லாமல் விருந்து வைக்கிறார்கள் என்று அர்த்தம். கல்யாணம் அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப்போய்விடும்.

பௌர்ணமிக்கு நாள் குறித்தார்கள். குறித்த கையோடு ஆலங்கட்டி மழை கொட்டியது. தோட்டத்தில் ஒரு ஆப்பிள் மிஞ்சவில்லை.

"காட்டோரத்துல நரி கடை வச்சிருக்கே, அங்க ஆப்பிள் சாறு பாட்டில்ல விக்குது. போய் வாங்கிட்டு வாங்க" என்றது மனைவி சடைச்சி. "எதுக்குன்னு சொல்லிக் கேளுங்க."

"கடைச் சாறுல கள்ளு போடறேன்னு தெரிஞ்சா காடே சிரிக்கும். எனக்குப் பாத்து வாங்கத் தெரியாதா?" என்று சொல்லிவிட்டுப் பம்பையன் கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியது.

கடையில் இருந்த நரி, கதைகளில் வருகிற மற்ற நரிகளைப் போல இல்லை. நாணயமான வியாபாரி.

"வாங்கண்ணே. ஆப்பிள் சாறு எதுக்கு வேணும்?" என்று கேட்டது.

"எதுக்கா இருந்தா உனக்கென்ன? இருக்கறதுலயே ஒசத்தியானதைக் கொடு."

"அப்ப இதை எடுத்துக்குங்க. கண்ணாடி மாதிரி தெளிவா இருக்கும். கெடாம இருக்க மருந்து சேர்த்திருக்கு. மாசக்கணக்குல வச்சிருந்தாலும் புளிக்காது."

மேல் தட்டில் கலங்கலாக வேறு சில பாட்டில்கள் இருந்தன. "அது என்ன, சேத்துத் தண்ணி மாதிரி?" என்று முகத்தைச் சுளித்தது பம்பையன்.

"அதை யாரும் வாங்கறதில்லண்ணே. திறந்தா சீக்கிரமே புளிச்சுப்போயிடும்."

"என் பொண்ணு கல்யாணத்துக்கு அதையா வாங்குவேன்?" என்று தெளிந்த பாட்டில்களைக் கூடை நிறைய அள்ளிக்கொண்டு வந்தது.

சாற்றைப் பானையில் ஊற்றி, போன வருஷப் பானையிலிருந்து எடுத்து வைத்திருந்த அடிவண்டலில் பாதியைக் கலந்து மூடியது. அந்த வண்டல் பட்டால் எந்தச் சாறும் மறுநாளே நுரைக்கும்.

மறுநாள் நுரைக்கவில்லை. அடுத்த நாளும் இல்லை. பம்பையன் பானையை வெயிலில் வைத்துப் பார்த்தது, கம்பளி சுற்றிப் பார்த்தது, கடைசியில் வாய்க்கு வந்தபடி திட்டியும் பார்த்தது. நாவல் தேனடையைக் கூடத் தொடாமல் மூலையில் படுத்திருந்தது.

சடைச்சி ஒரு காலி பாட்டிலை எடுத்துத் திருப்பிப் பார்த்தது. "நரி என்ன சொல்லிக் கொடுத்துச்சு?"

"ரொம்ப நாள் கெடாது, புளிக்காதுன்னு சொல்லுச்சு."

"புளிக்காதுன்னு சொன்னதைத் தேடி வாங்கிட்டு வந்து, ஏன் புளிக்கலைன்னு பானையைத் திட்டறீங்களே" என்றது சடைச்சி.

பம்பையன் கூடையை எடுத்துக்கொண்டு ஒரே ஓட்டமாக ஓடியது.

"நரித்தம்பி, நான் கள்ளு போடணும். பொண்ணுக்குக் கல்யாணம். தோட்டத்துல பழம் இல்ல" என்று மூச்சு வாங்கச் சொன்னது.

நரி சிரிக்கவில்லை. தலையில்தான் கை வைத்துக்கொண்டது. "இதை அன்னிக்கே சொல்லியிருக்கக் கூடாதாண்ணே? அந்தக் கலங்கல் பாட்டிலை எடுங்க. காய்ச்சி அடைச்சது. ஆப்பிளைத் தவிர அதுல வேற ஒண்ணும் இல்ல, மருந்தும் இல்ல."

புதுப் பானையில் கலங்கல் சாறும் மிச்ச வண்டலும் சேர்ந்தன. மறுநாள் விடிந்ததும் பம்பையன் பயந்துகொண்டே காதை வைத்தது.

கொப். சற்றுப் பொறுத்து இன்னொரு கொப். பிறகு விடாமல் கொப் கொப் கொப்.

பம்பையன் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டது. நாவல் ஓடிவந்து தானும் காதை வைத்துக் கேட்டுவிட்டு, நேரே தேனடையைத் தேடிப் போனது. முதல் பானையில் இருந்த சாற்றைச் சடைச்சி வடிகட்டி அக்கம்பக்கத்துக் குட்டிகளுக்குக் கொடுத்தது. அவை சொட்டு விடாமல் குடித்துத் தீர்த்தன.

பௌர்ணமியன்று சம்பந்தியம்மா வந்தது. பானையில் காது வைத்தது. முகம் மலர்ந்தது. "நல்லா பேசுது. எந்தத் தோட்டத்துப் பழம்?" என்று கேட்டது.

பழைய பம்பையனாக இருந்தால் ஏதாவது ஒரு தோட்டத்தின் பேரைச் சொல்லியிருக்கும். இப்போது தொண்டையைச் செருமிக்கொண்டு, "கடைச் சாறுதாங்க சம்பந்தி. எங்க பழமெல்லாம் மழையில போச்சு" என்றது.

எல்லோரும் சம்பந்தியம்மாவின் முகத்தையே பார்த்தார்கள். அது பெருமூச்சு விட்டு, பம்பையனின் காதருகே குனிந்தது.

"எங்க தோட்டமும் போச்சுங்க. மறுவீட்டு விருந்துக்கு என்ன செய்யறதுன்னு தூக்கமே இல்ல. எந்தக் கடை, எந்தப் பாட்டில்?"

பம்பையன் வயிறு குலுங்கச் சிரித்தது. "காட்டோரத்து நரி கடைங்க. பாட்டிலை நீங்க பாக்கவே வேணாம். எதுக்குன்னு மட்டும் முதல்லயே சொல்லிடுங்க."

நீதி: எதற்கு என்று சொல்ல வெட்கப்படுகிறவனுக்கு, இருப்பதிலேயே சிறந்த பொருளும் உதவாது.